பழைய பங்களா மனையில் துருப்பிடித்த களைக்கொல்லி டின்: மண்ணில் ஆர்சனிக் இருந்தால் என்ன செய்வது?

பாத்தி (காலை 8:12)

பெங்களூரு காக்ஸ் டவுன் பக்கம், பழைய பங்களா இடித்த மனை, 40க்கு 60 அடி. பின்பக்கம் ஒரு காலத்தில் மண் டென்னிஸ் தளத்தின் ஒரு பகுதி. கார் ஷெட் பரணில் சுமார் 5 லிட்டர் டின் ஒன்று இருக்கிறது. லேபிளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது, மீதியில் ‘சோடியம் ஆர்சனைட்’, ‘வீட் கில்லர்’ மட்டும் படிக்க முடிகிறது. அடி மடிப்பு முழுக்கத் துரு. துருவின் மேல், சுவரில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் படிவு. டென்னிஸ் தளம் இருந்த இடத்தில் இன்றும் திட்டுத் திட்டாகப் புல் முளைக்காமல் கிடக்கிறது.

கேள்வி மூன்று. டின்னை எப்படி அப்புறப்படுத்துவது? அந்த மண்ணில் கீரைப் பாத்தி போடலாமா? பக்கத்தில் ஒரு திறந்த கிணறு இருக்கிறது, அந்தத் தண்ணீரைப் புழங்கலாமா?

நஞ்சியல் (காலை 8:40)

முதலில் டின். திறக்காதீங்க, ஆட்டிப் பார்க்காதீங்க, மோந்து பார்க்காதீங்க. அந்த வெள்ளைப் படிவு கசிந்து காய்ந்த ஆர்சனிக் உப்பு. நம்ம ஊர்ல பாஷாணம்னு சொல்றோமே, அதே குடும்பம். ஆர்சனிக் டிரையாக்சைடு 70 முதல் 200 மி.கி. வயிற்றுக்குள் போனாலே பெரியவர் ஒருவரின் உயிர் போகலாம். அது ஒரு சிட்டிகைக்கும் குறைவு.

நைட்ரைல் கையுறை இரண்டு ஜோடி, ஒன்றன் மேல் ஒன்று. என்95க்குக் குறையாத முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை. அகல வாய் உள்ள நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் அடியில் நாலு விரல் உயரம் காய்ந்த மணல் போட்டு, டின்னைச் சாய்க்காமல் அப்படியே உள்ளே இறக்கி, சுற்றிலும் மணல் நிரப்பி மூடுங்க. பரணில் சிந்தியிருப்பதைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தூசி மூக்கில் ஏறும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கையுறையையும் அதே டிரம்மில் போடுங்க. வெளியே தமிழ், கன்னடம் இரண்டிலும் ‘விஷம், ஆர்சனிக்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்க.

இப்போ ரொம்ப முக்கியமான விஷயம். கறை போகட்டும் என்று பாத்ரூம் ஆசிட் ஊற்றிவிடாதீங்க. ஆர்சனைட், ஆசிட், கூடவே கால்வனைஸ் பண்ணின இரும்பு வாளியோ தகரமோ இருந்தால், துத்தநாகமும் ஆசிடும் சேர்ந்து ஆர்சைன் வாயு கிளம்பும். நிறம் கிடையாது, கண்ணும் எரியாது. பூண்டு வாடை 0.5 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் அரைப் பங்கு) அளவில்தான் தெரியும். வேலை இடங்களுக்கு அமெரிக்கத் தொழில் சுகாதார அமைப்பு பரிந்துரைத்த வரம்பு 0.005 பிபிஎம். அதாவது வாடை தெரியும்போது வரம்பைப் போல நூறு மடங்கு உள்ளே போயிருக்கும். இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, சில மணி நேரத்தில் சிறுநீர் சிவப்பாகப் போகும். அலுமினியப் பாத்திரத்தையும் கிட்டே கொண்டு போகாதீங்க, ஆர்சனைட் கரைசல் காரத்தன்மை உள்ளது, அலுமினியத்தை அரிக்கும்.

பாத்தி (காலை 9:05)

நன்றி டாக்டர். குப்பை ஆட்டோவில் தனியாகச் சொல்லிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா?

செம்மண் (காலை 9:31)

கொடுக்கவே கூடாது. பழைய இரும்பு எடுப்பவரிடமும் கூடாது, அவர் டின்னைக் கவிழ்த்துக் கழுவித்தான் எடைக்குப் போடுவார். 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வட்டார அலுவலகத்துக்குப் படத்தோடு எழுத்து மூலம் சொல்லுங்கள். அங்கீகாரம் பெற்ற வண்டி வந்து, படிவம் 10 என்ற கைமாற்றுச் சீட்டோடு எடுத்து, தாபஸ்பேட்டையில் உள்ள அபாயகரக் கழிவு நிலக்கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தச் சீட்டின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

பச்சைப்புல் (காலை 10:10)

டின் சரி. மண்ணைப் பற்றி இவ்வளவு பயம் வேண்டுமா? அறுபதுகளில் தெளித்திருப்பார்கள். அதற்கப்புறம் அறுபது வருட மழை, எல்லாம் கழுவிப் போயிருக்காதா? எந்தக் களைக்கொல்லியும் கொஞ்ச காலத்தில் சிதைந்துவிடும்தானே.

செம்மண் (காலை 11:02)

பச்சைப்புல் அண்ணா, இந்தக் களைக்கொல்லி சிதையாது. 2,4-டி போன்ற களைக்கொல்லிகள் கரிமச் சேர்மங்கள், நுண்ணுயிர்கள் உடைத்துத் தின்றுவிடும். ஆர்சனிக் ஒரு தனிமம், அதை உடைக்க எதுவுமில்லை. வடிவம் மாறும், இடம் மாறும், அளவு அப்படியே இருக்கும்.

மழை கழுவியிருக்குமா என்பது மண்ணைப் பொறுத்தது. பெங்களூரு செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு அதிகம், சிவப்பு நிறமே அதனால்தான். ஊற்றிய ஆர்சனைட் காற்றுப் படும் மண்ணில் ஆக்சிஜன் சேர்ந்து ஆர்சனேட் ஆகும், அது அந்த இரும்பில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பழைய விஷம் பெரும்பாலும் மேல் ஓரடிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். மணல் நிலமாக இருந்தால் இந்நேரம் நிலத்தடி நீருக்கு இறங்கியிருக்கும்.

கணக்குப் போட்டால் புரியும். ஒரு ஹெக்டேரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை சுமார் 2,100 டன். ஒரு கிலோ ஆர்சனிக் விழுந்தால் கிலோ மண்ணுக்கு அரை மி.கி. கூடும். கோல்ஃப் மைதானங்களில் தெளித்த எம்எஸ்எம்ஏ என்ற ஆர்சனிக் களைக்கொல்லியில் எடையில் 46 சதவீதம் ஆர்சனிக். ஹெக்டேருக்கு 2.2 கிலோ ஒருமுறை தெளித்தால் ஏறக்குறைய ஒரு கிலோ ஆர்சனிக். வருஷம் இரண்டு முறை, இருபது வருஷம் என்றால், எதுவும் வெளியேறாத பட்சத்தில், 20 மி.கி. கூடியிருக்கும். சோடியம் ஆர்சனைட் கதையே வேறு. டென்னிஸ் தளம், ரயில் பாதை ஓரம் போன்ற இடங்களில் ஒரு புல்லும் முளைக்கக் கூடாது என்று மண்ணையே மலடாக்க ஊற்றினார்கள். ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கான கிலோ. 400 கிலோ ஆர்சனிக் என்று வைத்தாலும் மேல் மண்ணில் 190 மி.கி. ஏறும். மாசுபடாத மண்ணில் பொதுவாக 5 மி.கி. அளவில்தான் இருக்கும். புல் முளைக்காத திட்டுகள் என்று பாத்தி எழுதியது அதனால்தான் உறுத்துகிறது.

மலாயா ரப்பர் தோட்டங்களில் லாலாங் புல்லை ஒழிக்க இதே சோடியம் ஆர்சனைட்டைத்தான் தெளிக்க வைத்தார்கள். அந்தத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்தவர்களில் பெரும்பான்மை நம் தமிழர்கள். உப்புச் சுவை இருப்பதால் மாடுகள் தெளித்த புல்லைத் தேடிப் போய் மேய்ந்து செத்தன. தெருவில் மாடு திரியும் பெங்களூருவில் இது நினைவில் இருக்க வேண்டும்.

பச்சைப்புல் (காலை 11:45)

கணக்கு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எம்எஸ்எம்ஏ ‘ஆர்கானிக் ஆர்சனிக்’, அதாவது கரிம வடிவம். கடல் மீனில் இருப்பதும் அதுதானே? புல்வெளி வேலையில் கோரைக்கு அதை மிஞ்சி எதுவும் கேட்பதில்லை, ஆன்லைனில் வெளிநாட்டு பாட்டில் கிடைக்கிறது.

நஞ்சியல் (பகல் 12:20)

பெயர் ஒன்று, ஆள் வேறு. மீன், இறாலில் இருப்பது ஆர்சனோபீட்டைன், உடம்பு அதை அப்படியே வெளியேற்றிவிடும். எம்எஸ்எம்ஏவில் இருப்பது ஒற்றை மீத்தைல் ஆர்சனிக். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த மீத்தைலைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது கனிம ஆர்சனிக், அதாவது கரி சேராத வடிவம். கனிம ஆர்சனிக்கைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற வகுப்பில் வைத்திருக்கிறது. மீத்தைல் ஆர்சனிக் அமிலங்களையும் விட்டுவைக்கவில்லை, அவை 2பி வகுப்பில். அமெரிக்கா 2009இல் பருத்தி தவிர மற்ற உபயோகங்களைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்ததற்கு நிலத்தடி நீரில் கனிம ஆர்சனிக் சேரும் கவலைதான் அடிப்படை.

செம்மண் (பகல் 12:34)

இந்தியாவில் சோடியம் மீத்தேன் ஆர்சோனேட், அதாவது எம்எஸ்எம்ஏ வகை, தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. தயாரிப்பு, இறக்குமதி, உபயோகம் மூன்றும். லெட் ஆர்சனேட், கால்சியம் ஆர்சனேட் இரண்டுக்கும் பதிவே மறுக்கப்பட்டது. இங்கே சட்டப்படி விற்கும் எந்தக் களைக்கொல்லியிலும் பதிவு எண்ணும், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என ஏதாவது ஒரு நிறத்தில் முக்கோணமும் இருக்கும். அந்த இரண்டும் இல்லாத பாட்டிலோடு வரும் காண்டிராக்டரை கேட்டுக்குள் விடாதீர்கள்.

பச்சைப்புல் (பகல் 12:50)

தடைப் பட்டியல் விஷயம் தெரியாமல் எழுதிவிட்டேன். அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆய்வுமேசை (பிற்பகல் 2:15)

மண் பரிசோதனை பற்றி. மண்வள அட்டையில் வரும் 12 அளவுகளில் ஆர்சனிக் கிடையாது. சாதாரண மண் ஆய்வில் ‘எல்லாம் நன்று’ என்று வந்தால் அதை வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். என்ஏபிஎல் (ஆய்வுக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வுக்கூடத்தில் ‘மொத்த ஆர்சனிக், ராஜதிராவகச் செரிமானம், ஐசிபி-எம்எஸ்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மனை முழுக்க ஒரே மாதிரியாகக் கலந்து கொடுத்தால், விஷம் உள்ள திட்டு நல்ல மண்ணில் கரைந்து எண் குறைந்து தெரியும். டென்னிஸ் தளம், கார் ஷெட் வாசல், கிணற்றோரம், முன் தோட்டம் என்று தனித்தனி. ஒவ்வொன்றிலும் 10 முதல் 15 இடத்தில் எடுத்துக் கலந்து, நாலு பாகமாகப் பிரித்து எதிரெதிர் இரண்டை நீக்கி, இப்படியே குறைத்துக் குறைத்து அரைக் கிலோ ஆக்கவும். ஆழமும் தனித்தனி: 0-15, 15-30, 30-60 செ.மீ. புல் முளைக்காத திட்டை யாரோடும் கலக்காமல் ஒற்றை மாதிரியாக அனுப்புங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொத்து, புதிய பாலித்தீன் பை. தெருவில், தெளிப்பு விழ வாய்ப்பே இல்லாத இடத்தில் இருந்து ஒப்பீட்டு மாதிரி ஒன்று கட்டாயம். அது இல்லாமல் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

கிணற்று நீருக்கு, ஆய்வுக்கூடமே நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டில் தரும். பம்பை 10 நிமிடம் ஓடவிட்டுப் பிடிக்கவும். குடிநீர் வரம்பு லிட்டருக்கு 0.01 மி.கி. கடையில் விற்கும் ஆர்சனிக் கிட், துத்தநாகத்தையும் அமிலத்தையும் சேர்த்து ஆர்சைன் கிளப்பி, மெர்க்யூரிக் புரோமைடு தாளை மஞ்சளாக்கும் முறை. அதே வாயு என்பதால் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். வரம்பை ஒட்டிய அளவுகளில் நிறத்தைக் கண்ணால் பிரிப்பது கஷ்டம். முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அல்சூர்க்காரி (பிற்பகல் 2:40)

கிணற்று நீரில் இருந்தால் கொதிக்க வைத்தால் போதுமா? இல்லை, ஆர்.ஓ. போட்டால் சரியாகிடுமா?

ஆய்வுமேசை (பிற்பகல் 2:58)

கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றும், ஆர்சனிக் அடர்த்தி கூடும், அவ்வளவுதான் மேடம். ஆர்.ஓ. ஆர்சனேட்டை நன்றாகப் பிடிக்கும். ஆர்சனைட் மின்னூட்டம் இல்லாத மூலக்கூறாக இருப்பதால் கணிசமாக நழுவிவிடும். முன்னாடியே குளோரின் போட்டு அதை ஆர்சனேட்டாக மாற்ற வேண்டும், அப்புறம் அந்தக் குளோரின் ஜவ்வை அரிக்காமல் இருக்க கார்பன் வடிகட்டி வழியாக விட வேண்டும். ஆர்.ஓ. கழிவு நீரில் ஆர்சனிக் செறிந்திருக்கும், அதைச் செடிக்கு ஊற்றுவது விஷத்தைத் திரும்ப மண்ணுக்கே கொடுப்பது. காவிரித் தண்ணீர் வரும் மனையில் அந்தக் கிணற்றைக் குடிக்கவும் சமைக்கவும் தொடாமல் விடுவதுதான் நேர் வழி.

பாத்தி (பிற்பகல் 3:30)

மண் ஆய்வு எண் வந்தபின் எதோடு ஒப்பிடுவது? எண் அதிகமாக இருந்தால் சுண்ணாம்பும் எலும்புத்தூளும் போட்டு மண்ணைத் திருத்தலாம் என்று ஒரு நர்சரியில் சொன்னார்கள்.

செம்மண் (மாலை 4:20)

அந்த இரண்டையும் போட்டுடாதீங்க! ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் சொல்லும் மருந்து அது. ஆர்சனிக்குக்கு நேர் எதிர். சுண்ணாம்பு போட்டு காரத்தன்மை ஏறினால், இரும்பு ஆக்சைடு ஆர்சனேட்டின் பிடியை விட்டுவிடும். எலும்புத்தூள், டிஏபி, சூப்பர் பாஸ்பேட் எல்லாம் பாஸ்பேட். ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள், இரும்பில் ஒரே இருக்கைக்குப் போட்டி போடும். பாஸ்பேட்டைக் கொட்டினால் ஆர்சனேட் எழுந்து மண்ணீரில் கலக்கும், அங்கிருந்து வேர். மூன்றாவது எதிரி தேங்கும் தண்ணீர். நீர் நின்றால் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்து, இரும்பு கரைந்து, ஆர்சனேட் ஆர்சனைட்டாக மாறி நகர ஆரம்பிக்கும். அந்த ஆர்சனைட்டை நெல் வேர் மணல் சத்தான சிலிக்கா என்று நினைத்து உறிஞ்சுவதால்தான் அரிசியில் ஆர்சனிக் பிரச்சினை. ஆகவே அந்த மனையில் மழைநீர்க் குழியை டென்னிஸ் தளத்துப் பக்கம் வெட்டாதீர்கள்.

ஒப்பீட்டுக்கு வெளிநாட்டு வரம்புகள், கிலோ மண்ணுக்கு: கனடா 12 மி.கி. என்று கறாராக வைத்திருக்கிறது. பிரிட்டன், காய்கறி வளர்க்கும் வீட்டுத் தோட்டத்துக்கு 37. ஆஸ்திரேலியா வீட்டு மனைக்கு 100. என் பரிந்துரை: 12க்குக் கீழே என்றால் தைரியமாகக் கீரை போடுங்கள். 12க்கும் 37க்கும் நடுவில் என்றால் தக்காளி, கத்தரி, அவரை போன்ற காய் வகை சரி, முள்ளங்கி, கீரை வேண்டாம். கீரையில் வேர் உறிஞ்சுவதைவிட இலை மேல் தெறிக்கும் மண்தான் பெரிய வழி, தண்டுக் கீரையை எத்தனை தண்ணீரில் அலசினாலும் இலையடியில் மண் மிஞ்சும். 37ஐத் தாண்டினால் அந்த மண்ணில் உண்ணும் பயிர் எதுவும் வேண்டாம்.

கோரைக்கிழங்கு (மாலை 4:48)

தோண்டி எறிந்துவிட்டால் என்ன? ஒரே வேலையாக முடிந்துவிடும்.

செம்மண் (மாலை 5:10)

மனைக்குள் வரும் தளப் பகுதி 100 சதுர மீட்டர் என்று வைத்தால், ஓரடி ஆழத்துக்கு 42 டன். பத்து டன் டிப்பர் நாலு லோடுக்கு மேல். கரைசல் பரிசோதனையில் (மண்ணிலிருந்து எவ்வளவு கசிந்து வரும் என்று பார்ப்பது) ஆர்சனிக் லிட்டருக்கு 5 மி.கி.யைத் தொட்டால் அது அபாயகரக் கழிவு, சாதாரண டிப்பரில் ஏற்றவே கூடாது. காண்டிராக்டர் அதை ராத்திரியில் ஏதாவது ஏரிக்கரையில் கொட்டினால், காய்ந்த செம்மண்ணில் அசையாமல் கிடந்த விஷம் ஈரச் சேற்றுக்குப் போய் அசைய ஆரம்பிக்கும். நான் தோண்டுவதற்கு எதிரி இல்லை, திறந்த கிணற்றை ஒட்டிய திட்டு மிக அதிகமாக இருந்தால் அந்தத் திட்டை மட்டும் முறைப்படி எடுப்பது நியாயம். மற்ற இடத்தை மூடுவது மேல்.

மூடும் முறை: மண்ணை லேசாக நனைத்து, மேலே தடித்த ஜியோ துணி (மண்ணுக்கடியில் விரிக்கும் செயற்கை இழைத் துணி) விரித்து, அதன் மேல் 45 செ.மீ. உயரத்துக்குச் சோதித்த புது மண். ஓரத்துக்கு செங்கல் அல்லது சிமெண்ட் பிளாக். துணி விரிப்பதற்கு இன்னொரு காரணம், பத்து வருஷம் கழித்து யாராவது மண்வெட்டி போட்டால் துணி தெரிந்து நிற்பார்கள். வீட்டுப் பத்திரங்களோடு மண் ஆய்வு அறிக்கையையும் வரைபடத்தையும் சேர்த்து வையுங்கள்.

அன்னபேதி (இரும்பு சல்பேட்) போடலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் இப்போதே சொல்கிறேன். இரும்பு ஆர்சனிக்கைக் கட்டும், உண்மை. ஆனால் மேல் 15 செ.மீ. மண்ணில் ஒரு சதவீதம் இரும்பு சேர்க்க சதுர மீட்டருக்கு 10 கிலோ அன்னபேதி வேண்டும். அவ்வளவு போட்டால் மண் கடும் புளிப்பாகிவிடும், அதைச் சரிக்கட்ட சுண்ணாம்பு வேண்டும், அளவு தவறினால் மேலே சொன்ன வம்பு. வீட்டில் செய்யும் வேலை இல்லை.

மரக்கடை (மாலை 5:35)

கொஞ்சம் தள்ளி ஒரு விஷயம், ஆனால் இதே விஷம். பெங்களூருவில் பழைய கூலிங் டவர் மரம் மலிவாக வருகிறது, பச்சை சாயல் அடிக்கும். அது தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் ஏற்றிய மரமாக இருக்கலாம். இந்தக் கலவையை 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோந்தி காமேசம் உருவாக்கினார், கரையானுக்கு அதுபோல் மருந்து இல்லை. பாத்திக்கு ஓரம் கட்டவோ, கோழிக்கூண்டுக்கோ அதை எடுக்காதீர்கள். அடுப்பில் எரிக்கவே கூடாது. கொஞ்சம் ஆர்சனிக் புகையாகப் போகும், மிச்சம் சாம்பலில் செறியும். சாம்பலை எடுத்துச் செடிக்குப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதனால் சொல்கிறேன்.

அல்சூர்க்காரி (இரவு 7:05)

அந்த மாதிரி மண்ணில் குழந்தைகள் விளையாடினால் எவ்வளவு ஆபத்து? எந்த அறிகுறியைப் பார்க்கணும்?

நஞ்சியல் (இரவு 7:50)

தோல் வழியாக ரொம்பக் கொஞ்சம்தான் போகும். கையை வாயில் வைப்பதுதான் பாதை. சின்னக் குழந்தை ஒரு நாளில் 200 மி.கி. மண் விழுங்கும் என்று கணக்கிடுவது வழக்கம். ஒரு கிலோ மண்ணில் 100 மி.கி. ஆர்சனிக் இருந்தால் அது 20 மைக்ரோகிராம். வரம்பில் இருக்கும் குடிநீரை 2 லிட்டர் குடித்ததற்குச் சமம், அதுவும் 12 கிலோ குழந்தைக்கு, தினமும். மண்ணில் இருப்பது முழுவதும் உடம்பில் ஏறாது என்றாலும் அந்த இடத்தை மூடும்வரை வேலி கட்டுங்க, செருப்பை வாசலுக்கு வெளியே விடுங்க, வீட்டை ஈரத்துணியால் துடைங்க.

திடீர் நஞ்சு என்றால் சில நிமிடம் முதல் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்று வலி, அரிசி கழுவின தண்ணீர் போலப் பேதி, மூச்சில் பூண்டு வாடை. வாந்தி எடுக்க வைக்காதீங்க, மோர், முட்டை என்று கைவைத்தியம் வேண்டாம். லேபிளின் படத்தோடு நேரே பெரிய மருத்துவமனை. ஈசிஜி உடனே எடுக்கணும், இதயத் துடிப்பு தாளம் தவறிப் போவதுதான் உயிரைக் குடிக்கும். டைமெர்காப்ரால், டிஎம்எஸ்ஏ என்று முறிவு மருந்து உண்டு. டைமெர்காப்ரால் கடலை எண்ணெயில் கரைத்த ஊசி, வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடணும். ஆர்சைன் வாயுவுக்கு இந்த மருந்துகள் கைகொடுக்காது, இரத்தமாற்றுதான். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தை எந்த மருத்துவரும் எந்நேரமும் கேட்கலாம்.

நாள்பட்டது வேற மாதிரி. நெஞ்சிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்த மாதிரி கருப்பும் வெளுப்புமாகப் புள்ளி, உள்ளங்கையிலும் பாதத்திலும் கெட்டியான முண்டுகள், கால் மரத்துப்போவது. இது வர பல வருஷம் ஆகும். கர்நாடகத்திலேயே யாதகிரி மாவட்டத்தில் தங்கச் சுரங்கப் பாறைப் பகுதியில் குடிநீர் வழியாக இதைப் பார்த்திருக்கிறார்கள். சந்தேகம் என்றால் சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரின் அடர்த்தியைக் கணக்கில் எடுக்க உதவும் கிரியேட்டினினோடு சேர்த்து. அதற்கு முன் ஐந்து நாள் மீன் குழம்பு, இறால், நண்டு எதுவும் கூடாது, இல்லாவிட்டால் ஆர்சனோபீட்டைன் சேர்ந்து எண் தாறுமாறாக ஏறும். இரத்தத்தில் சில மணி நேரத்தில் குறைந்துவிடும், வாரம் கழித்து இரத்தம் கொடுத்துப் பயனில்லை.

பச்சைப்புல் (இரவு 8:30)

சரி, ஆர்சனிக் இல்லாமல் கோரையையும் காங்கிரஸ் செடியையும் (பார்த்தீனியம்) எப்படிச் சமாளிப்பது? பாராக்வாட் களைக்கொல்லி?

கோரைக்கிழங்கு (இரவு 9:10)

பாராக்வாட் வேண்டாம் அண்ணா, ஒரு மிடறு போதும் நுரையீரல் போக, முறிவு மருந்து கிடையாது.

காங்கிரஸ் செடியைப் பூக்கும் முன்னால், மழை பெய்த மறுநாள், கையுறையோடு வேரோடு பிடுங்குவதுதான் அடிப்படை. பூத்தபின் பிடுங்கினால் விதையை நாமே விதைத்த மாதிரி. இலையில் பொட்டு வைத்த மாதிரி சின்ன வண்டுகள் தின்றுகொண்டிருந்தால் கொல்லாதீர்கள், அது மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984இல் இதே பெங்களூருவில் விட்ட வண்டு. மழைக்காலத்தில் அதுவே பாதி வேலை செய்யும். 20 சதவீத உப்புக் கரைசல் நடைபாதை இடுக்குக்கு மட்டும், பாத்திப் பக்கம் கூடாது.

கோரைக்கு வெட்டுவது பலனில்லை, மண்வெட்டி பட்டால் கிழங்குச் சங்கிலி அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடி ஆகும். நிழல்தான் அதற்கு எமன். தடித்த அட்டை இரண்டடுக்கு, மேலே 10 செ.மீ. தழை மூடாக்கு, இரண்டு மழைக்காலம் விடாமல் வைத்தால் கிழங்கு சேமிப்பு தீர்ந்துவிடும். பாத்தியின் மனையில் எப்படியும் ஜியோ துணி விரிக்கப் போவதால் கோரையும் அதனடியில் அடங்கும்.

பாத்தி (இரவு 9:40)

கிணற்றுச் சுவர்க் கல்லிடுக்கில் நீள இலை பெரணி நிறைய வளர்ந்திருக்கிறது. ஆர்சனிக் உறிஞ்சும் பெரணி என்று படித்தேன், அதை நட்டே மண்ணைச் சுத்தம் செய்ய முடியுமா?

செம்மண் (இரவு 10:15)

டெரிஸ் விட்டேட்டா. 2001இல் வெளியான ஆய்வு அது, காய்ந்த இலையில் எடையில் ஒன்றிரண்டு சதவீதம் வரைகூட ஆர்சனிக் சேர்க்கும் செடி. பெங்களூருவில் பழைய சுவர், கிணறு எங்கும் தானாக வரும். அது வளர்வதை வைத்து அங்கே ஆர்சனிக் இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள், சுண்ணாம்புக் காரைதான் அதற்குப் பிடித்தது. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை இலையை அறுத்து எடுத்தால் மேல் மண்ணில் மெல்லக் குறையும், ஆனால் வருஷக்கணக்கில் ஆகும். அறுத்த இலையை மாட்டுக்கோ மண்புழுத் தொட்டிக்கோ போடக் கூடாது, எரிக்கவும் கூடாது. பையில் கட்டி, அந்த டின்னை எடுக்க வரும் அதே வண்டியில் ஏற்றுங்கள்.